ஜீன் டெஸ்ட் நார்மல் என்றால் குரோமோசோமும் நார்மல் என்று யார் சொன்னது?

இந்த வாரமும் ஒரு தம்பதி வந்தார்கள். மூன்று முறை கரு கலைந்திருக்கிறது, கையில் தடிமனாக ஒரு எக்சோம் ரிப்போர்ட், அதாவது ஜீன்களில் புரதத்துக்கான குறிப்பு உள்ள பகுதிகளைப் படிக்கும் டெஸ்டின் முடிவு. "ஜீன் எல்லாம் நார்மல்னு வந்துடுச்சே டாக்டர், அப்புறம் எதுக்கு குரோமோசோம் டெஸ்ட்?" என்று கேட்டார்கள். குரோமோசோம் டெஸ்ட் எடுத்துப் பார்த்தால் கணவருக்கு இரண்டு குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டியிருக்கின்றன. அதுவரை பழி முழுக்க மனைவி தலையில்தான். இப்படி இன்னும் எத்தனை பேரைப் பார்ப்பது?

எக்சோம் பரிசோதனை படிப்பது மொத்த டிஎன்ஏவில் ஒன்றிரண்டு சதவீதம், அதுவும் பொடிப்பொடித் துண்டுகளாக. எந்தத் துண்டு எந்தக் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது என்பது பெரும்பாலும் அதற்குத் தெரியவே தெரியாது. இப்படித் துண்டுகள் இடம் மாறியவருக்குப் பெரும்பாலும் எந்தக் கோளாறும் இருக்காது, ஏனென்றால் எதுவும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. விந்தோ கருமுட்டையோ உருவாகும்போது குரோமோசோம்கள் பங்கு பிரியும் இடத்தில்தான் சிக்கல்: சில துண்டுகள் கூடியோ குறைந்தோ போய்விட்டால் கரு கலையலாம்.

"சரி, எல்லாம் உள்ளேதானே இருக்கிறது, எங்கே இருந்தால் என்ன?" என்று மருத்துவம் படித்தவர்களே கேட்கும்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு மீட்டர் டிஎன்ஏவைச் சில மைக்ரோமீட்டர் அகல உட்கருவுக்குள் அடைப்பதோடு மடிப்பின் வேலை முடிந்துவிடுவதில்லை. எந்த ஸ்விட்ச் (ஜீனை முடுக்கிவிடும் டிஎன்ஏ துண்டு) எந்த ஜீனைத் தொட வேண்டும் என்பதும் அந்த மடிப்பில்தான் இருக்கிறது. கை விரல்கள் உருவாகத் தேவையான எஸ்எச்எச் ஜீனுக்கும் அதன் ஸ்விட்சுக்கும் நடுவே ஏறக்குறைய 10 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள்; டிஎன்ஏ வளைந்து மடிவதால்தான் இரண்டும் பக்கத்தில் வருகின்றன. மடிப்புகளுக்கு நடுவே உள்ள எல்லை உடைந்தால் ஒரு ஜீனின் ஸ்விட்ச் பக்கத்து ஜீனை முடுக்கிவிடும். சில குடும்பங்களில் விரல்கள் குட்டையாகவும் கூடுதலாகவும் அமைந்ததற்கு இதுதான் காரணம் என்று 2015லேயே காட்டிவிட்டார்கள். ஜீனுக்குள் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை!

இரண்டு முறைக்கு மேல் கரு கலைந்திருந்தால் கணவன், மனைவி இருவருமே கேரியோடைப் (குரோமோசோம்களை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் டெஸ்ட்) எடுங்கள். மனைவியை மட்டும் அனுப்பாதீர்கள். ரத்தத்தை ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) உள்ள குழாயில் கொடுங்கள், ஃப்ரீசரில் மட்டும் வைத்துவிடாதீர்கள். செல்களை மூன்று நாள் வளர்த்து, அவை பிரியும் நேரத்தில் பிடித்தால்தான் குரோமோசோம் கண்ணுக்குத் தெரியும், செத்த செல்லை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது? (ஜீன் டெஸ்டுக்கு எடுத்த ரத்தமே போதும் என்று அனுப்பும் லேப்களும் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.)

இடமாற்றம் இருப்பதாக ரிப்போர்ட் வந்தால் உடைந்துபோகாதீர்கள். ஆரோக்கியமான குழந்தை பெற்றவர்கள் நிறைய இருக்கிறார்கள். மரபணு ஆலோசகரைப் பாருங்கள், அண்ணன் தம்பி அக்கா தங்கைக்கும் சொல்லுங்கள், அவர்களுக்கும் இருக்கலாம்.