கண்ணை மூடிக்கொண்டு போன் வாங்குவது எப்படி?

புதுச்சேரி நேரு வீதியில் பார்வையில்லாத ஒருவருக்காக போன் பார்க்கப் போகிறீர்கள். விற்பவரின் மெகாபிக்சல் பேச்சைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒலியைக் கூட்டும் பட்டனையும் குறைக்கும் பட்டனையும் சேர்த்துச் சில விநாடிகள் அழுத்துங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் 'டாக்பேக்' என்ற திரைவாசிப்பான், அதாவது திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் மென்பொருள், பேசத் தொடங்கும். இல்லையென்றால் செட்டிங்ஸுக்குள் போய் இயக்கலாம். ஐபோனில் இதன் பெயர் வாய்ஸ்ஓவர். இரண்டுமே 2009இல் வந்தவை; தனியாகக் காசு கிடையாது.

திரையில் தெரியும் படத்தைப் பார்த்துத்தான் இவை படிக்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒவ்வொரு செயலியும் தன் திரையில் என்னென்ன இருக்கின்றன என்ற பட்டியலை இயங்குதளத்திடம் கொடுக்கிறது: இது பட்டன், பெயர் 'அனுப்பு', இது பெட்டி, டிக் ஆகியிருக்கிறது. விரல் படும் இடத்தில் உள்ளதன் பெயரைத் திரைவாசிப்பான் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துப் பேச்சு மென்பொருளிடம் தருகிறது. விரலை வலப்பக்கம் தள்ளினால் அடுத்ததுக்குப் போகும். இருமுறை தட்டினால்தான் பட்டன் அழுத்தப்படும்.

செயலியை எழுதியவர் பெயர் வைக்க மறந்துவிட்டால் பெரும்பாலும் 'பட்டன்' என்பதோடு நின்றுவிடும். எதற்கான பட்டன்? அது தெரியாது. லட்ச ரூபாய் போனிலும் பல நேரம் இதே கதிதான். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய தமிழ் ஆவணங்கள் இன்னும் மோசம். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். அதனால் காதில் விழுவது வெறும் உளறல். குடும்ப வாட்ஸ்அப் குழுவின் காலை வணக்கப் படங்களும் பெரும்பாலும் 'படம்' என்றே கேட்கும். அதில் பெரிய நஷ்டம் இல்லை.

ஆக, கடையில் பார்க்க வேண்டியது வேகத்தை. விரலைத் தள்ளியதும் குரல் உடனே வர வேண்டும். ராம் நினைவகம் குறைந்த மலிவு போன்களில் குரல் பின்தங்கும். பயன்படுத்துபவர் அதற்குள் வேறிடம் போயிருப்பார். அடுத்து தமிழ்க் குரல் இருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கிலக் குரல் மட்டும் இருந்தால் தமிழ் எழுத்து வரும் இடத்தில் மௌனமாகத் தாண்டிவிடக்கூடும். ஈஸ்பீக் என்ற இலவசக் குரல், ஏதோ இயந்திரம் பேசுவதுபோல இருக்கும். ஆனால் மும்மடங்கு வேகத்திலும் சொல் சிதையாது என்பதால் பழகியவர்கள் பலர் அதைத்தான் விரும்புகிறார்கள்.

கேமராவை முழுதாக ஒதுக்கவும் வேண்டாம். ரிசர்வ் வங்கி 2020இல் வெளியிட்ட 'மணி' செயலி, கேமராவில் காட்டிய ரூபாய் நோட்டின் மதிப்பை இணையம் இல்லாமலே சொல்லும். கள்ள நோட்டா என்று மட்டும் சொல்லாது.

கைரேகை உணரி திரைக்கு அடியில் இருந்தால் விரலால் தேடிக் கண்டுபிடிப்பது சிரமம். பக்கவாட்டு பட்டனில் இருப்பதே மேல். ஹெட்போன் துளையும் இருக்கட்டும். ப்ளூடூத்தில் குரல் சற்றுத் தாமதமாக வரும். ஹெட்போனே இல்லாமல் கடலூர் பேருந்தில் உட்கார்ந்து பணம் அனுப்பினால், எண் பலகையைத் தடவத் தடவ ரகசிய 'பின்' எண் பக்கத்து சீட்டுக்கும் கேட்டுவிடலாம். அதற்காக இரண்டு காதையும் அடைத்துவிடக் கூடாது. நடத்துநர் ஊர் பெயர் சொல்வதைக் கேட்க ஒரு காது வேண்டும்.