கரிவளி

பினாங்கில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை ‘கரிவளி’ (கார்பன் டை ஆக்சைடு) என்று படிப்பதை, அதே வீட்டுப் பெரியவர் ‘கரியமில வாயு’ என்பார். நீரில் கரைந்தால் மெல்லிய அமிலமாவதால் பழைய வேதியியலார் இதனைக் கார்பானிக் அமில வாயு என்றழைத்தனர். அப்பெயரைத் துண்டுதுண்டாகத் தமிழில் வைத்ததே கரியமில வாயு. அதிலுள்ள அமிலமும் வாயுவும் வடமொழி வழி வந்தவை. வளியோ தொல்காப்பியம் ஐம்பூதங்களுள் ஒன்றாக எண்ணிய சொல். திருக்குறளும் மருந்து அதிகாரத்தில் ‘வளிமுதலா எண்ணிய மூன்று’ என்று (941) நோய்க்குக் காரணமாவனவற்றுள் அதனையே முதலில் வைக்கிறது. ஆகவே வயிற்றைப் பற்றிப் பேசும்போது இச்சொல் மிகவும் பொருந்துகிறது என்பது என் எண்ணம்.

பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுன் மளிகைக்கடையில் ‘வயிற்றில் வாயு’ என்று ஓமம் கேட்பவர் ஒரு வாயுவை நினைக்கிறார். குடலில் இருப்பதோ நைட்ரஜன், ஆக்சிஜன், ஹைட்ரஜன், மீத்தேன், கரிவளி ஆகியவற்றின் கலவை. சிறுகுடலின் தொடக்கத்தில் இரைப்பை அமிலமும் கணைய நீரிலுள்ள பைகார்பனேட்டும் கலக்கும்போது கரிவளி பிறக்கிறது; இதில் நுண்ணுயிருக்குப் பங்கில்லை, பெரும்பகுதி இரத்தத்தில் கலந்து மூச்சோடு வெளியேறிவிடும்.

பெருங்குடலில் நிலைமை வேறு. பருப்பிலும் பயற்றிலும் உள்ள ராஃபினோஸ் போன்ற சர்க்கரைகளைச் செரிக்கும் நொதி நம்மிடம் இல்லாமையால் அவை முழுதாக அங்கு வந்து சேர, பாக்டீரியாக்கள் அவற்றை நொதிக்கச் செய்து கொழுப்பு அமிலங்களோடு ஹைட்ரஜனையும் கரிவளியையும் வெளியிடுகின்றன. இரவில் அரைத்து வைத்த தோசை மாவு காலையில் பொங்கி நிற்பதும் இதே நொதித்தலால்தான். அங்கே மாவை உப்பச் செய்வதும் கரிவளியே.

ஆனால் குடல் நுண்ணுயிர்கள் கரிவளியைப் பெருக்குவதோடு நிற்பதில்லை. சில பாக்டீரியாக்கள் அதனை ஹைட்ரஜனோடு சேர்த்து அசிட்டிக் அமிலமாக்குகின்றன. மீத்தேன் ஆக்கும் உயிர்களோ நான்கு மூலக்கூறு ஹைட்ரஜனையும் ஒரு மூலக்கூறு கரிவளியையும் எடுத்து ஒரே ஒரு மூலக்கூறு மீத்தேனையும் நீரையும் தருகின்றன. ஐந்து பங்கு வளி ஒரு பங்காகச் சுருங்குகிறது. இவ்வுயிர்கள் எல்லாருடைய குடலிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒரே சாம்பாரை உண்ட இருவரில் ஒருவருக்கு மட்டும் வயிறு உப்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மீத்தேன் ஆக்குபவை பாக்டீரியாக்கள் அல்ல, ஆர்க்கியா என்னும் தனி இனம். ஆதலால் கரிவளியின் அளவைப் பற்றி எழுதுபவர் ‘குடல் பாக்டீரியா’ என்பதைவிட, இரண்டையும் உள்ளடக்கும் ‘குடல் நுண்ணுயிர்’ என்று எழுதுவதே சரி.