எட்டு நிமிடத்துக்கு மூவாயிரம் குதிரை

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், ரீனோ நகரை ஒட்டிய பாலைவனத்தில் ஸ்டெட் விமானத் தளம் இருக்கிறது. 1966 முதல் 2023 வரை, ஓரிரு ஆண்டுகள் தவிர, செப்டம்பர்தோறும் அங்கே விமானப் பந்தயம் நடந்தது. 2025-இல் அது நியூ மெக்சிகோவின் ரோஸ்வெல்லுக்கு இடம் மாறியது. பந்தயத்தின் உச்சப் பிரிவுக்கு அன்லிமிடெட் என்று பெயர். பிஸ்டன் எஞ்சின் வேண்டும், ப்ரொப்பெல்லர் வேண்டும், வெற்று எடை 4,500 பவுண்டுக்கு, அதாவது சுமார் 2,040 கிலோவுக்குக் குறையக் கூடாது. அதன்பின் என்ன மாற்றினாலும் கேள்வி இல்லை. இந்த விதிக்குப் பொருந்தி வேகமாகவும் பறக்கக்கூடியவை பெரும்பாலும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தின் போர் விமானங்களே: மஸ்டாங், பேர்கேட், சீ ஃப்யூரி.

ரீனோவில், தூண்கள் நட்ட நீள்வட்டப் பாதையின் ஒரு சுற்று சுமார் 13 கிலோமீட்டராக இருந்தது. முன்னணி விமானங்கள் அதை ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முடித்தன. இறுதிப் போட்டி எட்டுச் சுற்று, ஆகவே எட்டு நிமிடம். இங்கிலாந்திலிருந்து பெர்லின் வரை போய்த் திரும்ப வடிவமைக்கப்பட்ட ஓர் இயந்திரத்திடம் இந்த எட்டு நிமிடத்துக்கு மட்டும் இருமடங்கு சக்தி கேட்கிறார்கள். அது கொடுக்கவும் செய்கிறது. எப்படிக் கொடுக்கிறது, எந்த இடத்தில் மறுத்துவிடுகிறது என்று தெரிந்துகொண்டு பார்ப்பவரை இந்தப் பந்தயம் எளிதில் விடாது.

முதலில் வேகத்தின் கணக்கு. காற்றெதிர்ப்பு வேகத்தின் இருமடியாக (வர்க்கமாக) கூடும். அதை வெல்லத் தேவையான சக்தி மும்மடியாகக் கூடும். போர்க்கால மஸ்டாங் சுமார் 1,700 குதிரைத்திறனில், தாழ்வான உயரத்தில், மணிக்கு ஏறக்குறைய 590 கிலோமீட்டர் போகும். அதே விமானத்தை 800-க்குக் கொண்டுபோக வேண்டுமானால் சக்தி இரண்டரை மடங்காக வேண்டும், 4,200-ஐத் தாண்டும். மஸ்டாங்கின் மெர்லின் எஞ்சினை எவ்வளவு வருத்தினாலும் 3,000-க்குக் கொஞ்சம் மேலே போகலாம், அவ்வளவுதான். மீதியை உடலைச் செதுக்கித்தான் எடுக்க வேண்டும். ரீனோவின் உயரமும் கொஞ்சம் உதவியது. கடல் மட்டத்திலிருந்து 1,540 மீட்டர் மேலே, செப்டம்பர் வெயிலில், காற்று மெலிந்திருக்கும்.

எனவே கோப்பையில் பாதி, பட்டி பூசும் கையால் வெல்லப்படுகிறது. இறக்கையின் முன்பாதியில் உள்ள ஒவ்வொரு ரிவெட்டின் தலையையும் தகட்டு இணைப்பையும் பட்டி வைத்து நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குகிறார்கள். துப்பாக்கித் துளைகளை அடைக்கிறார்கள். குமிழி போன்ற கண்ணாடிக் கூண்டை எடுத்துவிட்டு, விமானியின் தலை மட்டும் நுழையும் அளவுக்குச் சின்னதாக ஒன்றைப் பொருத்துகிறார்கள். கவசத் தகடும் உடலுக்குள் இருந்த எரிபொருள் தொட்டியும் வெளியே போய்விடும். இறக்கையின் நுனிகளை வெட்டுவதும் வழக்கம். அதில் ஆதாயத்தோடு ஒரு கடனும் வருகிறது. திருப்பத்தில் விமானம் 73 பாகை சாய்ந்து 3.5 ஜி, அதாவது தன் எடையைப் போல் மூன்றரை மடங்கு, சுமக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தூக்குவிசையை உண்டாக்குவதற்கு விலையாக வரும் காற்றெதிர்ப்பு அந்தச் சுமையின் இருமடியாகக் கூடுவதால், நேர்ப்பறப்பில் இருப்பதைப் போல் 12 மடங்காகிவிடும். இறக்கை குட்டையாக இருந்தால் அது இன்னும் மோசம். அதிகமாக வெட்டியவர் நேர்ப்பாதையில் சம்பாதித்ததைத் திருப்பத்தில் இழப்பார். 770 கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் திருப்பத்தின் ஆரமே 1.4 கிலோமீட்டர் வருகிறது. பாதையின் பெரும்பகுதி திருப்பம்தான்.

இனி எஞ்சின். பேக்கார்டு நிறுவனம் அமெரிக்காவில் தயாரித்த மெர்லின், 27 லிட்டர் கொள்ளளவுள்ள வி-12, அதாவது வி வடிவில் பன்னிரண்டு சிலிண்டர். அதன் சக்தியை விமானிகள் இன்டேக் அழுத்தத்தால், அதாவது எஞ்சினுக்குள் நுழையும் காற்றின் அழுத்தத்தால், அளக்கிறார்கள். அளவுமானியில் பாதரச அங்குலம். கடல்மட்டக் காற்று 30 அங்குலம். போர்க்காலத்தில் அவசரத்துக்கு மட்டும் 67 அங்குலமும் நிமிடத்துக்கு 3,000 சுற்றும் அனுமதி. பந்தயத்தில் 130 முதல் 145 அங்குலம், 3,400 சுற்று. வளிமண்டலத்தைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு அழுத்தம் சிலிண்டரின் வாசலில் காத்திருக்கும். இதை உண்டாக்குவது, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் இரண்டு கட்ட சூப்பர்சார்ஜர். அதைச் சுழற்றவே எஞ்சின் பல நூறு குதிரைத்திறனைச் செலவிட வேண்டும். விமானத்தின் வேகமும் கைகொடுக்கிறது: 770 கிலோமீட்டரில் முகத்தில் மோதும் காற்றை முழுதும் பிடிக்க முடிந்தால், அதுவே 6 அங்குலத்துக்கு மேல் தரும்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுமல்லவா, இங்கேயும் அதேதான் நடக்கிறது. இந்த அளவுக்கு அழுத்தினால் காற்றின் வெப்பம், கணக்குப்படி, 250 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அவ்வளவு சூடான கலவை சிலிண்டருக்குள் போனால் நாக்கிங் நிச்சயம். ஸ்பார்க் பிளக்கிலிருந்து சுடர் சீராகப் பரவுவதற்குள், ஓரத்தில் இருக்கும் கலவை தானாகவே ஒரேயடியாக வெடித்துவிடும். பிஸ்டனின் தலையைச் சாதாரண நேரத்தில் காக்கும் மெல்லிய வாயுப் படலத்தை அந்த அதிர்வு கிழித்துவிடுவதால், அலுமினியம் உருகத் தொடங்கும். சில நொடிகளில் பிஸ்டனில் ஓட்டை விழும், அல்லது சிலிண்டரின் மூடியான ஹெட்டே மேலே தூக்கும்.

போர் விமானத்தில் சூப்பர்சார்ஜருக்குப் பிறகு இந்தச் சூட்டைத் தணிக்க ஒரு குளிர்விப்பான் உண்டு. அதன் எடையும், காற்றோட்டத்தை அது தடுப்பதும், தனி ரேடியேட்டர் கேட்பதும் பந்தயக்காரர்களுக்குப் பிடிப்பதில்லை, கழற்றிவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக, பாதிக்குப் பாதி தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை இன்டேக்கில் பீய்ச்சுகிறார்கள். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக சுமார் 2,250 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும். மெத்தனால் 1,100 வரை. மெத்தனால் எரியவும் செய்யும். எரிபொருளும் நாக்கிங்கைத் தாங்குவதில் போர்க்கால 100/130 தரத்தைவிட உயர்ந்தது. இந்த ஏற்பாட்டில் பலவீனமான புள்ளி பம்பும் முனைகளும். ஒரு முனை அடைத்துக்கொண்டாலும், தொட்டி ஒரு சுற்றுக்கு முன்னால் தீர்ந்தாலும், சக்தியைக் குறைக்க த்ராட்டில் பிடியைப் பின்னுக்கு இழுக்க விமானிக்குக் கிடைப்பது ஓரிரு நொடி. திரவத்தின் அழுத்தமானியையும் இன்டேக் வெப்பமானியையும் பார்வை படும் இடத்திலேயே பொருத்துவது இதனால்தான்.

சுற்றைக் கூட்டுவதற்கும் விலை உண்டு. 3,000-இலிருந்து 3,400 என்றால் 13 சதவீதம் கூடுதல்தான். ஆனால் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டனை ஒவ்வொரு முறையும் நிறுத்தித் திருப்பும் விசை சுற்றின் இருமடியாகக் கூடுவதால், பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் மேல் சுமை 28 சதவீதம் ஏறிவிடுகிறது. ராட் முறிந்தால் அது எஞ்சின் பெட்டியைப் பொத்துக்கொண்டு வெளியே வரும். பின்னாலேயே எண்ணெய், அடுத்து நெருப்பு. இதற்கு மெக்கானிக்குகள் கண்ட வழி அழகானது. போட்டி நிறுவனமான அலிசனின் வி-12 எஞ்சினிலிருந்து, அதன் பிற்கால ஜி வரிசையின் தடித்த ராடுகளை எடுத்து மெர்லினுக்குள் பொருத்துகிறார்கள். போர் முடிந்தபின் பயணிகள் விமானங்களுக்காகச் செய்யப்பட்ட மெர்லின்களின் ஹெட்டுகளையும் தேடிப் பிடிக்கிறார்கள். நீடித்த உழைப்புக்காக வார்க்கப்பட்டவை என்பதால் அவை இந்தச் சூட்டைத் தாங்கும்.

சக்தி கிடைத்துவிட்டது, அதை ப்ரொப்பெல்லர் காற்றுக்குக் கொடுக்க வேண்டும். மஸ்டாங்கின் நான்கு அலகு (இறகு) ப்ரொப்பெல்லர் 3.4 மீட்டர் விட்டம். எஞ்சினுக்கும் அதற்கும் நடுவே 0.479 விகிதக் கியர். எஞ்சின் 3,400-இல் ஓடினால் ப்ரொப்பெல்லர் 1,630 சுற்று; அலகின் நுனி நொடிக்கு 290 மீட்டர் வேகத்தில் வட்டமிடும். விமானம் முன்னோக்கிப் போகும் வேகம், மணிக்கு 800 கிலோமீட்டர் என்றால், நொடிக்கு 222 மீட்டர். இரண்டும் செங்கோணத்தில் சேர்வதால், காற்றை நுனி சந்திக்கும் வேகம் நொடிக்கு 365 மீட்டர். முப்பது டிகிரி வெயிலில் ஒலியின் வேகம் 349. நுனி ஒலியைத் தாண்டிவிட்டது. அங்கே அதிர்ச்சி அலை உண்டாகி, எஞ்சின் உயிரைக் கொடுத்துத் தந்த சக்தியில் ஒரு பங்கு வெறும் இரைச்சலாகவும் சூடாகவும் வீணாகிறது. மெர்லினுக்கு 0.42 விகிதக் கியரும் உண்டு. அதைப் போட்டால் அதே எஞ்சின் சுற்றில் நுனியின் வட்ட வேகம் 254-ஆகக் குறையும். கூட்டு வேகம் 338, ஒலிக்குக் கீழே. ஒரு ஜோடிப் பல்சக்கரத்தில் இவ்வளவு இருக்கிறது! பேசாமல் வேலை செய்யும் இத்தகைய மாற்றங்களே எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்தவை.

குளிர்விப்பதிலும் எட்டு நிமிடக் கணக்குத்தான். மஸ்டாங்கின் வயிற்றுக்கடியில் உள்ள ரேடியேட்டர் வாயை அகலத் திறந்தால் எஞ்சின் குளிரும், ஆனால் காற்றெதிர்ப்பு ஏறும். ஆகவே வெளியேறும் கதவைக் குறுக்கிவிட்டு, ரேடியேட்டரின் முகத்தில் தண்ணீரைத் தெளிக்கிறார்கள். பறக்கும் விமானத்தின் பின்னால் வெண்ணிறக் கீற்று தெரிந்தால் அது பெரும்பாலும் இந்த நீராவி. சில அணிகள் வயிற்று ரேடியேட்டரையே அகற்றி, தொட்டியில் உள்ள திரவத்தைக் கொதிக்கவிட்டுச் சூட்டை வெளியேற்றின. தண்ணீர் தீரும்போது பந்தயமும் முடிய வேண்டும்.

ஏதாவது உடைந்தால் என்ன செய்வது? விமானி "மேடே" என்ற ஆபத்து அழைப்பை அறிவித்து உடனே மேலே இழுப்பார். கையில் இருக்கும் ஒரே சேமிப்பு வேகம். அதை உயரமாக மாற்ற வேண்டும். 770 கிலோமீட்டர் வேகத்தை 250-ஆகக் குறைத்தால், இழப்பே இல்லாத கணக்கில் 2,000 மீட்டருக்கு மேல் ஏறலாம். நிஜத்தில் காற்றெதிர்ப்பு அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மஸ்டாங்கின் ப்ரொப்பெல்லர் அலகுகளைக் காற்றுக்கு முற்றிலும் இணையாகத் திருப்பி நிறுத்த முடியாது. எண்ணெய் அழுத்தம் இருக்கும்போதே அலகைப் பெருங்கோணத்துக்குக் கொண்டுபோகாவிட்டால், நின்ற எஞ்சினுக்கு முன்னால் அது ஒரு தட்டு மாதிரி காற்றைத் தடுக்கும். முதலில் உயரம், அடுத்து அலகின் கோணம், பிறகு ஓடுபாதை, கடைசியாகச் சக்கரம். சக்கரத்தை முன்கூட்டியே இறக்கியவர் ஓடுபாதைக்கு எட்டாமல் போகலாம்.

மேலே இழுத்தும் தப்ப முடியாத பழுதுகள் உண்டு. இந்த வேகத்தில் மூக்கு மேலே எழவே முயலும். அதை அடக்க மூக்கை ஏற்றி இறக்கும் வால்பகுதி எலிவேட்டரில் இருக்கும் ட்ரிம் டேப் என்ற சிறு தகடு இடைவிடாமல் சுமை தாங்குகிறது. 1998-இல் வூடூ என்ற மஸ்டாங்கில் அந்தத் தகடு பிய்ந்தது. விமானம் செங்குத்தாக எகிறியது. ஓட்டிய பாப் ஹன்னா நினைவிழந்து, மீண்டும் கண் விழித்தபோது 9,000 அடிக்கு மேலே இருந்தார். பத்திரமாக இறங்கினார். 2011 செப்டம்பர் 16 அன்று கேலப்பிங் கோஸ்ட் என்ற மஸ்டாங்குக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. பார்வையாளர் பகுதியில் விழுந்து, விமானியும் மற்றப் பத்துப் பேரும் இறந்தார்கள். அறுபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை போய் நின்ற இடம், ட்ரிம் டேப்பைப் பிடித்திருந்த பூட்டு நட்டுகள். ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய அவற்றைத் திரும்பத் திரும்பப் போட்டதால் உள்ளிருந்த பிடிப்பு தேய்ந்து, திருகுகள் தளர்ந்து, தகடு படபடக்கத் தொடங்கி, இணைப்பு முறிந்திருந்தது. வலப்பக்க டேப் அசையாதபடி ஏற்கெனவே பூட்டப்பட்டிருந்ததால், சுமை முழுவதும் இடப்பக்கத்தின் மேல். விமானத்தின் மேல் 17 ஜி-க்கும் அதிகமான விசை வந்தது. எந்த மனிதராலும் அதில் நினைவோடு இருக்க முடியாது. இந்தப் பந்தயத்தை நேசிப்பவர்கள் எஞ்சினைப் பற்றி எவ்வளவு பேசினாலும், அந்த நட்டுகளையும் பேச வேண்டும்.

மெர்லினை இப்படி வருத்துவது ஒரு வழி. இன்னொரு வழி, பெரிய எஞ்சினைப் போட்டு அதை அவ்வளவு வருத்தாமல் விடுவது. ட்ரெட்நாட் என்ற சீ ஃப்யூரியில் 28 சிலிண்டர், 71.5 லிட்டர் கொண்ட பிராட் அண்ட் விட்னி ஆர்-4360 இருக்கிறது. மெர்லினைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் கொள்ளளவு. மூக்கு பருத்துக் காற்றெதிர்ப்பு கூடினாலும், எஞ்சின் தன் இயல்பான எல்லைக்கு அருகிலேயே ஓடுவதால் கடைசிச் சுற்று வரை தாங்கும். முன்னால் பறக்கும் மஸ்டாங் ஆறாவது சுற்றில் புகை கக்கி மேலே போனால் கோப்பை இதற்குத்தான். ரேர் பேர் என்ற பேர்கேட் இந்த இரு வழிகளுக்கும் நடுவில் வருகிறது. கைவிடப்பட்டுக் கிடந்த சிதைந்த உடலை வாங்கிய லைல் ஷெல்டன், அதில் 55 லிட்டர் ரைட் ஆர்-3350 எஞ்சினைப் பொருத்தினார்.

1989-இல் அதே ரேர் பேர் 3 கிலோமீட்டர் நேர்ப்பாதையில் மணிக்கு 850 கிலோமீட்டர் தொட்டது. 2017 செப்டம்பரில் ஸ்டீவன் ஹின்டன் வூடூவை ஐடஹோ மாநிலத்தில் நான்கு முறை ஓட்டி 855 சராசரி எடுத்தார். 28 ஆண்டு உழைப்புக்குக் கிடைத்தது 5 கிலோமீட்டர். அந்த 5-க்கு மும்மடி விதி கேட்கும் கூடுதல் சக்தி இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. காற்றின் அடர்த்தியோ, வெயில் ஆறு டிகிரி ஏறினாலே அந்த அளவு மாறிவிடும்.