உருக்கக் கொடுக்கும் முன் அந்தக் கரண்டியைத் திருப்பிப் பாருங்கள்

போன மார்ச்சில் ஒரு பெண்மணி ஆறு தேக்கரண்டிகளை என் மேசையில் வைத்தார். பிரிந்து போகாமல் இருக்க ரப்பர் பேண்ட் சுற்றி, ஜிப் பைக்குள் போட்டிருந்தார். பாட்டியின் வீட்டைக் காலி செய்தபோது சமையலறை இழுப்பறையில் கிடைத்ததாம். பழைய தங்கம், வெள்ளி வாங்கும் ஒரு கடையில் எடை போட்டு ஒரு சீட்டில் விலையும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். "இந்த விலை சரிதானா என்று மட்டும் சொல்லுங்கள், கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறேன்" என்றார்.

பென்சில்வேனியாவில் பழைய வெள்ளிச் சாமான்களை மதிப்பிடுவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். இதே கேள்வி மாதத்துக்கு நாலு முறையாவது வரும். கேட்கிறவர்களில் இப்போது நம்மவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் பெரியவர் தவறிய பிறகு சாமான் முழுவதையும் அங்கேயே பரப்பி வைத்து விற்பார்களே, எஸ்டேட் சேல், அதற்குச் சனிக்கிழமை காலையில் போய் ஒரு கைப்பிடி கறுத்த கரண்டிகளை வாங்கி வந்து "இது வெள்ளிதானே?" என்று படம் அனுப்புகிறார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ரப்பர் பேண்டைக் கழற்றினால் ஒவ்வொரு காம்பிலும் அது இருந்த இடத்தில் கருநீலக் கோடு. ரப்பரில் கந்தகம் இருக்கிறது, வெள்ளிக்கு அது ஆகவே ஆகாது. சரி, வெள்ளி கறுப்பதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். ஒரு கரண்டியை எடுத்துத் திருப்பினேன். காம்பின் பின்புறத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு செவ்வகப் பள்ளம், அதற்குள் மேடாக ஒரு பெயர். காம்பு ஃபிடில் வாத்தியத்தின் உடல்போல அகன்று குறுகுகிறது. 1810களிலிருந்து 1850கள் வரை அமெரிக்காவில் எங்கு பார்த்தாலும் இந்த வடிவம்தான். முன்பக்கம் சாய்ந்த கையெழுத்தில் மூன்று எழுத்துகள். கரண்டிக் குழியின் நுனி இடது பக்கம் தேய்ந்து சரிந்திருந்தது. வலது கைப் பழக்கம் உள்ளவர்கள் வருஷக்கணக்காகக் கோப்பையின் அடியைச் சுரண்டினால் அப்படித்தான் தேயும். ஒரு கரண்டியில் மட்டும் குழிக்குள் கடுகளவில் நாலைந்து பள்ளங்கள். பல் முளைக்கிற குழந்தை கடித்தது.

கடைத் தராசில் இதெல்லாம் ஏறியிருக்கவில்லை. அங்கே அது 90 கிராம் சொச்சம், அவ்வளவுதான்.

இந்த வெள்ளிக்குக் காயின் சில்வர் என்று பெயர். நாணய வெள்ளி. நகைக்கடையில் நாம் கேட்டு வாங்கும் 92.5 டச் வெள்ளி இல்லை இது. சுமார் 90 பங்கு வெள்ளி, மீதி செம்பு. 1859இல் நெவாடாவில் காம்ஸ்டாக் சுரங்கம் கண்டுபிடிக்கப்படும் வரை அமெரிக்காவில் சொல்லிக்கொள்ளும்படி வெள்ளி தோண்டவில்லை. ஆசாரிக்கு வெள்ளி வந்த வழி இரண்டுதான்: பழைய சாமான், இல்லையென்றால் நாணயம். அந்த நாணயத்திலும் பெரும்பகுதி மெக்சிகோவிலும் பெருவிலும் அடித்த ஸ்பானிய டாலர். 1857 வரை அது அமெரிக்காவில் சட்டப்படி செல்லும் பணமாகவே இருந்தது. 1792ஆம் வருட நாணயச் சட்டம் அமெரிக்க டாலரின் தரத்தை 89.24 சதவீதம் என்று வைத்தது, 1837இல் அதை 90 ஆக்கினார்கள். கையில் இருக்கிற நாணயத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கரண்டியாகத் திரும்பி வரும். கூலி தனி.

ஏன் கரண்டி? நம் வீடுகளில் பணத்தைக் கொலுசாகவும் குங்குமச் சிமிழாகவும் மாற்றி வைத்த பாட்டிமார்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை. பக்கத்தில் வங்கி கிடையாது, அல்லது இருக்கிற வங்கியை நம்ப முடியாது. நாணயம் திருடு போனால் போனதுதான், எந்த நாணயம் யாருடையது என்று சொல்ல முடியாது. கரண்டியில் பெயரெழுத்து இருக்கிறது, செய்தவரின் முத்திரை இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டுச் செய்தித்தாள்களில் திருட்டுப்போன வெள்ளியைப் பற்றி இந்த எழுத்து, இந்த முத்திரை என்று விவரமாக விளம்பரம் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காலக் கரண்டிகளில் மூன்று எழுத்துகள் முக்கோணமாக இருந்தால், மேலே இருப்பது குடும்பப் பெயர், கீழே இருக்கும் இரண்டும் கணவன் மனைவியின் பெயர்கள். பிற்காலத்தில் கல்யாணத்துக்கு முந்தைய பெயரின் எழுத்துகளைப் பெண்கள் தங்கள் கரண்டியில் வெட்டிக்கொண்டதும் நிறைய உண்டு. "யாரோ எழுத்து போட்டுக் கெடுத்துவிட்டார்கள்" என்று வருத்தப்படுகிறவர்களிடம் நான் மல்லுக்கு நிற்பது இதனால்தான். பெயர் எழுதிய கரண்டி ஒரு ஊருக்கும் ஒரு குடும்பத்துக்கும் நம்மைக் கூட்டிப் போகும். எழுத்தை அழித்த கரண்டி எங்கேயும் கூட்டிப் போகாது.

இப்போது முத்திரைக்கு வருவோம். ஏமாறுவதும் இங்கேதான், ஏமாற்றுவதும் இங்கேதான். இங்கிலாந்தில் அரசு அங்கீகாரத்தோடு சோதனைச்சாலை வைத்துத் தரம் பார்த்து, வருடக் குறியோடு முத்திரை குத்தினார்கள். அமெரிக்காவில் அப்படி எதுவும் இல்லை. மேரிலாந்தின் பால்டிமோர் நகரம் மட்டும் 1814இல் சட்டம் போட்டு, 1830 வரை சோதனை முத்திரை வைத்திருந்தது. அங்கே கேட்ட தரமும் கொஞ்சம் கூடுதல், 12 அவுன்ஸில் 11 அவுன்ஸ் வெள்ளி. பால்டிமோரின் சாமுவேல் கிர்க் பட்டறைச் சாமான்களில் 11 அவுன்ஸ் என்றும் 10.15 என்றும் எண் இருப்பது இந்தக் கணக்குதான். 10.15 என்றால் 12 அவுன்ஸில் 10 அவுன்ஸ் 15 பென்னிவெயிட் (ஒரு அவுன்ஸுக்கு 20 பென்னிவெயிட்), அதாவது 89.6 சதவீதம். மற்ற ஊர்களில் செய்தவரின் பெயர்தான் உத்தரவாதம். 1830 வாக்கில்தான் காயின், பியூர் காயின், டாலர், ஸ்டாண்டர்ட் போன்ற சொற்கள் பரவலாகக் குத்தப்பட்டன. அந்தச் சொல் இல்லாததால் வெள்ளி இல்லை என்று முடிவுகட்டினால், அதற்கு முந்தைய நல்ல கரண்டிகளையெல்லாம் தூக்கிப் போட வேண்டியதுதான்.

அப்புறம் கழுகுத் தலை, நட்சத்திரம், சிங்கம், ராஜா முகம் என்று வரிசையாகக் குத்தியிருப்பார்கள். இங்கிலாந்து முத்திரைபோலத் தெரிய வேண்டும் என்பதைத் தவிர பெரும்பாலானவற்றுக்கு அர்த்தமில்லை. ரோட் ஐலண்டின் கோர்ஹாம் நிறுவனம் நாணய வெள்ளிக் காலத்திலேயே சிங்கம், நங்கூரம், ஜி என்ற எழுத்து மூன்றையும் குத்தியது. இங்கிலாந்தில் நங்கூரம் பர்மிங்ஹாம் சோதனைச்சாலையின் குறி. அதனால் கோர்ஹாம் சாமானை பர்மிங்ஹாம் என்று நினைத்து விற்கிறவர்களை இன்னும் பார்க்கிறேன். கோர்ஹாம் 1868இல் 92.5 தரத்துக்கு மாறியது, டிஃப்பனி அதற்கு முன்பே மாறிவிட்டது. அதோடு நாணய வெள்ளிக் காலம் கிட்டத்தட்ட முடிந்தது.

கரண்டியில் இருக்கும் பெயர் அதைச் செய்தவரின் பெயர் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. நியூயார்க்கின் வில்லியம் கேல் 1826இல் உருளை அச்சில் வேலைப்பாட்டோடு கரண்டி செய்யும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதன்பிறகு பெரிய பட்டறைகள் மொத்தமாகச் செய்து அனுப்ப, சின்ன ஊர்க் கடிகாரக் கடைக்காரர்கள் தங்கள் பெயரைக் குத்தி விற்றார்கள். அமெரிக்காவின் தெற்கில் இன்னொரு விஷயம் உண்டு, அதை மறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. சார்ல்ஸ்டன் போன்ற ஊர்களில் முத்திரை பட்டறை முதலாளியுடையது, சுத்தியல் பிடித்த கை அடிமைப்படுத்தப்பட்ட ஒரு கறுப்பினத் தொழிலாளியுடையதாக இருக்கலாம். அவர் பெயர் எங்கும் குத்தப்படவில்லை. கரீபியத் தீவில் பிறந்து, பிலடெல்பியாவிலும் செயின்ட் குரோய் தீவிலும் தொழில் செய்த பீட்டர் பென்ட்சன் என்ற சுதந்திரக் கறுப்பின ஆசாரி தன் பெயரைத் தானே குத்திய சாமான்கள் மிகச் சில நம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. அப்படி ஒன்று யாருடைய இழுப்பறையிலாவது கிடந்து, 90 கிராம் என்று எழுதிய சீட்டோடு உலைக்குப் போனால் எதைக் கொடுத்தும் அதை மீட்க முடியாது. 1980 ஜனவரியில் வெள்ளி அவுன்ஸுக்குக் கிட்டத்தட்ட 50 டாலரைத் தொட்டபோது அமெரிக்கா முழுக்க வரிசையில் நின்று வீட்டு வெள்ளியை உருக்கக் கொடுத்தார்கள். அதில் என்னென்ன போயிற்று என்று கணக்கு எடுத்தவர் யாரும் இல்லை.

விலை உள்ள பெயர் என்றால் போலியும் வரும். பாஸ்டனின் புகழ்பெற்ற 18ஆம் நூற்றாண்டு வெள்ளி ஆசாரி பால் ரெவர் பெயரில் வருவதைக் கண்ணை மூடிக்கொண்டு சந்தேகப்படலாம். கென்டக்கி, டென்னசி, ஜார்ஜியா போன்ற தெற்கு மாநில ஆசாரிகளுக்குச் சேகரிப்பாளர்களிடம் கிராக்கி அதிகம், அதனால் சாதாரண வடக்கத்திக் கரண்டியில் தென்னாட்டுப் பெயரைப் புதிதாகக் குத்திவிடுவார்கள். பூதக்கண்ணாடியில் பாருங்கள். உண்மையான முத்திரையின் விளிம்பு காம்போடு சேர்ந்து தேய்ந்து வழுவழுப்பாக இருக்கும். சுற்றிலும் தேய்மானம், முத்திரை மட்டும் நேற்றுக் குத்தியதுபோல் கூர்மை என்றால் பணத்தை உள்ளே வையுங்கள். பெரிய தொகை என்றால் எக்ஸ்ரே ஃப்ளூரசன்ஸ் சோதனை கேளுங்கள், உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று அது காட்டும், பொருளில் கீறல்கூட விழாது. பழைய முறையில் சுத்திகரித்த வெள்ளியில் துளி தங்கமும் ஈயமும் தங்கியிருக்கும். பிற்காலத்தில் மின்சாரத்தால் சுத்திகரித்த வெள்ளியில் அவை அநேகமாக இருக்காது.

வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இதைவிடச் சாதாரணமான இடத்தில். 1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ் என்று கரண்டியில் பார்த்ததும் 1847இல் செய்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அது முலாம் பூசிய சாமானின் வணிகப் பெயர், 20ஆம் நூற்றாண்டிலும் லட்சக்கணக்கில் செய்தார்கள். ஜெர்மன் சில்வர் நமக்கே தெரிந்த கதை: செம்பு, நிக்கல், துத்தநாகம், அதில் வெள்ளி என்று ஒன்றுமே கிடையாது.

எதை வாங்கலாம் என்று கேட்டால், தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது பரிமாறும் சாமான். தேக்கரண்டி எக்கச்சக்கமாகக் கிடைக்கும், அதில் பெரும்பாலானவை வெள்ளி விலையைவிடக் கொஞ்சம்தான் கூடப் போகும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சூப் ஊற்றும் பெரிய கரண்டி, சர்க்கரை இடுக்கி, மீன் பரிமாறும் அகலக் கத்தி, விரலளவு உப்புக் கரண்டி, இவற்றில்தான் கைவேலை தெரியும். முள்கரண்டிகள் குறைவு. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்கூடப் பெரும்பாலான வீடுகளில் இரும்பு முள்தான் புழங்கியது. இடுக்கியை வாங்கும்போது வளைவில் ஒட்டுப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், உடைவது அங்கேதான். வெள்ளியின் மேல் வாயால் ஆவி ஊதினால், பற்றவைத்த இடமும் எழுத்தை அழித்த இடமும் ஒரு நொடி தனியாகத் தெரியும். குழியைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து லேசாக அழுத்துங்கள். காகிதம்போல் நெளிந்தால் நிறையத் தேய்த்திருக்கிறார்கள்.

தேய்ப்பதைப் பற்றிப் பேசினால் எனக்கு மனசு தாங்காது. சில வருடங்களுக்கு முன் ஒருவர் தன் குடும்பத்துச் சூப் கரண்டியைக் கொண்டுவந்தார். முந்தைய தடவை நான் பார்த்தபோது பின்புறம் பெயர் தெளிவாக இருந்தது, காம்பில் பூக்கூடை வேலைப்பாடு இருந்தது. நடுவில் ஒரு பாலிஷ் பட்டறைக்குக் கொடுத்திருக்கிறார். பஃப் மெஷினில் வைத்துக் கண்ணாடியாக்கித் தந்துவிட்டார்கள். பூக்கூடை குழைந்து ஒரு புடைப்பாகிவிட்டது. பெயரில் நடு எழுத்து இரண்டு மட்டும் மிச்சம். அவருக்குச் சந்தோஷம், பளபளவென்று இருக்கிறதாம். நான் என்ன சொல்ல?

பற்பசை, பல்பொடி வேண்டாம், கீறும். விபூதி மென்மையாகத் தெரிந்தாலும் அதில் மணல் துகள் இருக்கலாம். அலுமினியத் தாள், சோடா உப்பு, வெந்நீர் வித்தையும் வேண்டாம். அது வேலைப்பாட்டின் பள்ளங்களில் இருக்க வேண்டிய கருமையையும் சேர்த்து எடுத்துவிடும், பொருள் வெளுத்துச் சப்பென்று நிற்கும். முக்கி எடுக்கும் திரவங்களில் அமிலம் இருக்கிறது. மிதமான சோப்புத் தண்ணீரில் கையால் கழுவி உடனே துடைத்தாலே பாதி வேலை முடிந்தது. கறுப்பு அதிகம் என்றால், பாதுகாப்பு வல்லுநர்கள் பயன்படுத்தும் மிக நைசான கால்சியம் கார்பனேட் தூளைத் தண்ணீரில் குழைத்துப் பருத்தித் துணியால் மெல்லத் தேயுங்கள், முத்திரையின் மேல் மட்டும் வேண்டாம். டிஷ்வாஷரில் ஒருநாளும் போடாதீர்கள். உப்பைக் கரண்டியோடு சேர்த்துக் கிண்ணத்தில் விட்டுவிடாதீர்கள், உப்பு வெள்ளியை அரித்துப் புள்ளி விழ வைக்கும். செய்தித்தாளில் சுற்றுவது, கம்பளித் துணியில் வைப்பது இரண்டும் கறுக்க வைக்கும். தினமும் புழங்குங்கள், அதைவிட நல்ல பாதுகாப்பு இல்லை.

அந்தப் பெண்மணியின் ஆறு கரண்டிகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது ஒன்று சேரவில்லை. ஐந்தில் ஒரே பெயர். ஆறாவதில் வேறொரு கடையின் பெயர், கூடவே காயின் என்ற சொல், காம்பின் வளைவும் சற்றுப் பிற்காலத்தது. ஆனால் முன்பக்கத்தில் அதே மூன்று எழுத்துகள், அதே கையெழுத்தைப் பார்த்து வெட்ட முயன்றிருக்கிறார்கள். ஒன்று எப்போதோ தொலைந்திருக்கிறது. செட்டு உடையக் கூடாது என்று யாரோ புதிதாகச் செய்து சேர்த்திருக்கிறார்கள். குழந்தையின் பல் தடம் இருந்தது அந்த ஆறாவதில்தான்.

இதை அவரிடம் காட்டினேன். எடைக்கு மேல் பெரிய விலை கிடைக்காது என்பதையும் சொன்னேன், அவை எளிமையான தேக்கரண்டிகள்தான். அவர் பூதக்கண்ணாடியை வாங்கி அந்தக் குழியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பாட்டியின் குடும்ப பைபிளில் முன்பக்கத்தில் பெயர்கள் எழுதியிருப்பதாகவும், வீட்டுக்குப் போய் எழுத்துகளை ஒத்துப் பார்ப்பதாகவும் சொன்னார். ஆறையும் துவைத்த பருத்தித் துணியில் ஒவ்வொன்றாகச் சுற்றிக் கொடுத்தேன். ரப்பர் பேண்டையும் கடைச் சீட்டையும் என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.