ஜவுளிக் கடைக்குள் தீ வளரும் விதம்

2017 மே 31 அன்று அதிகாலை, சென்னை தியாகராய நகர் உஸ்மான் சாலையில் இருந்த சென்னை சில்க்ஸ் ஜவுளிக் கடையிலிருந்து புகை கிளம்பியது. தீயணைப்பு வீரர்கள் பகல் முழுவதும் தண்ணீரைப் பீய்ச்சியும் தீ அடங்கவில்லை. மறுநாள் விடிவதற்குள் அந்த ஏழு மாடிக் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. எஞ்சிய பகுதியும் பின்னர் இடிக்கப்பட்டது. கான்கிரீட் எரியும் பொருளன்று. ஆயினும் அதனுள் இருக்கும் எஃகுக் கம்பி, 550 முதல் 600 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையை எட்டும்போது தன் வலிமையில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடும். கம்பியை மூடியிருக்கும் சில சென்டிமீட்டர் கான்கிரீட் உறை வெப்பம் உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்துமே தவிர, நாள் முழுவதும் தடுத்து நிறுத்தாது. எனவே, அவ்வளவு நேரம் எரிவதற்கு ஒரு கடைக்குள் என்ன இருக்கிறது என்பதிலிருந்தே இதைப் புரிந்துகொள்ளத் தொடங்க வேண்டும்.

ஒரே துணி இரண்டு விதமாக எரியும். மாட்டித் தொங்கவிட்ட உடைக்கு இருபுறமும் காற்று கிடைக்கிறது. சுடர் மேல்நோக்கி எழுவதால், தனக்கு மேலே தொங்கும் துணியை அதுவே சூடேற்றிப் பற்றவைத்துக்கொண்டு மிக விரைவாக ஏறுகிறது. அலமாரியில் நெருக்கமாக மடித்து அடுக்கிய பருத்தித் துணியிலோ காற்று உள்ளே புக முடியாததால் சுடர் எழாமல், மடிப்புக்குள் மடிப்பாகக் கனல் பரவுகிறது. மேற்பரப்பை நனைக்கும் தண்ணீர் அந்தக் கனலை எட்டுவதில்லை. அணைந்ததாகத் தோன்றும் கிடங்கு பல மணி நேரம் கழித்து மீண்டும் பற்றிக்கொள்வது இந்த நீறு பூத்த நெருப்பினால்தான். பாலியெஸ்டரின் இயல்பு வேறு: அது ஏறத்தாழ 260 டிகிரியில் உருகி, எரியும் துளிகளாகச் சொட்டி, கீழ்த்தட்டில் உள்ள சரக்கையும் பற்றவைக்கும்.

உயிரைப் பறிப்பது பெரும்பாலும் சுடரன்று, புகை. போதிய ஆக்சிஜன் இல்லாமல் எரியும் எந்தத் துணியும் கார்பன் மோனாக்சைடை வெளியிடும். இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான நாட்டத்துடன் இந்த வாயு பிணைந்துகொள்கிறது. பட்டு, கம்பளி, நைலான், மெத்தை நுரை ஆகியவற்றில் நைட்ரஜன் இருப்பதால், அவை எரியும்போது ஹைட்ரஜன் சயனைடும் சேர்ந்து வரும். முகப்பு முழுவதும் கண்ணாடியாலும் விளம்பரப் பலகையாலும் மூடப்பட்ட கடையில், குளிர்சாதனத்துக்காகச் சன்னல்களும் அடைக்கப்பட்டுவிடுவதால், இந்தப் புகை வெளியேற வழியின்றித் தளம் தளமாக நிரம்புகிறது. தியாகராய நகரில் வீரர்களை உள்ளே நுழையவிடாமல் நெடுநேரம் தடுத்ததும் புகையே. மின்தூக்கிக் குழி, நகரும் படிக்கட்டுக்கான திறப்பு, கதவில்லாத மாடிப்படி ஆகிய ஒவ்வொன்றும் புகைபோக்கியாக மாறுகிறது. அவற்றினூடே சூடான புகை எழும் வேகத்தை, படியேறி ஓடும் மனிதரால் முந்த முடியாது.

கூரையை ஒட்டித் திரளும் புகைப்படலம் 600 டிகிரியை நெருங்கும்போது, அதிலிருந்து வரும் வெப்பக் கதிர்வீச்சு தரையில் சதுர மீட்டருக்கு 20 கிலோவாட் அளவை எட்டுகிறது. உச்சிவெயில் தருவது ஏறத்தாழ 1 கிலோவாட். அந்தக் கட்டத்தில் அறையில் உள்ள பொருள்கள் அனைத்தும், சுடர் தொடாமலேயே, சில வினாடிகளுக்குள் ஒன்றாகப் பற்றிக்கொள்ளும். அதற்குப் பின் அந்த அறைக்குள் எவரும் பிழைத்திருக்க இயலாது. கடையின் பாதுகாப்பு ஏற்பாடு ஒவ்வொன்றும் இந்தக் கணம் வருவதற்கு முன்பே வேலை செய்தாக வேண்டும்.

தீயின் தொடக்கம் பல நேரங்களில் ஒரு தளர்ந்த மின்னிணைப்புதான். 10 ஆம்பியர் பாயும் கம்பியில் திருகு தளர்ந்து அரை ஓம் தடை உண்டானால், அந்த ஒரே புள்ளியில் 50 வாட் வெப்பம் வெளிப்படும். ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் கருவிக்கு 25 வாட்டே போதும். மின்பலகையில் உள்ள தானியங்கி மின்துண்டிப்பானான எம்.சி.பி. இதை உணராது. மின்னோட்டம் அளவுக்கு மீறினால் மட்டுமே அது துண்டிக்கும். இங்கே மின்னோட்டம் வழக்கமான அளவில்தான் இருக்கிறது. ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் தற்காலிகமாக இழுக்கப்படும் விளக்குச் சரங்களும், ஒன்றிலிருந்து ஒன்றாக நீட்டப்படும் இணைப்புப் பலகைகளும் எனக்குப் பெருங்கவலை தருவது இதனால்தான்.

ஒரே ஒரு பாதுகாப்புச் சாதனத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்று ஒரு கடைக்காரர் சொன்னால், கூரையில் பொருத்தும் தானியங்கி நீர்த்தெளிப்பானையே நான் சுட்டுவேன். அதன் வாயை ஒரு சிறு கண்ணாடிக் குமிழ் அடைத்திருக்கும். வழக்கமான சிவப்புக் குமிழில் உள்ள திரவம் 68 டிகிரியில் விரிந்து கண்ணாடியை உடைக்க, அந்த ஒரு தெளிப்பான் மட்டும் திறந்துகொள்கிறது. ஓரிடத்துத் தீக்குக் கடையெங்கும் தண்ணீர் கொட்டி சரக்கெல்லாம் பாழாகும் என்ற அச்சத்துக்கு இடமில்லை. கொதிநிலையில் உள்ள ஒரு கிலோ நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,260 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சுகிறது. தீயை முழுவதும் அணைக்காவிட்டாலும், அருகில் உள்ள சரக்கை நனைத்துப் புகைப்படலத்தைக் குளிர்வித்து, அது பெருகும் வேகத்தை முறித்துவிடும். ஆனால் சரக்கைக் கூரைவரை அடுக்கிவிட்டால் நீர் குடைபோல் விரிய இடமிருக்காது. தெளிப்பானுக்குக் கீழே ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் வெளி வேண்டும். குழாயின் அடைப்பானை மூடி வைத்திருந்தாலோ, தொட்டி காலியாக இருந்தாலோ இவ்வளவும் வீண்.

இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஊல்வொர்த் பல்பொருள் அங்காடியில் 1979 மே 8 அன்று ஏற்பட்ட தீயில் 10 பேர் இறந்தனர். அறைகலன் பிரிவில் அடுக்கி வைத்திருந்த, பாலியூரித்தேன் நுரை நிரப்பிய இருக்கைகள் மிக வேகமாக எரிந்து நச்சுப்புகையைக் கக்கின. அங்கே தெளிப்பான்கள் இல்லை. அதே தளத்து உணவகத்தில் இருந்தவர்களில் சிலர், பணம் கொடுத்து வாங்கிய உணவை விட்டு உடனே எழ மனமின்றி இருந்ததைப் பின்னர் ஆராய்ந்தவர்கள் குறிப்பிட்டனர். வாடிக்கையாளர் கடைக்கு வந்திருப்பது பொருள் வாங்க. மணி ஒலித்தால் அடுத்தவர் எழுகிறாரா என்றுதான் பார்ப்பார். ஆகவே, எந்தப் படிக்கட்டு வழியாகப் போக வேண்டும் என்பதை ஒலிபெருக்கியில் தெளிவாகச் சொல்வதும், ஒவ்வொரு தளத்திலும் ஒரு பணியாளர் முன்னே நடந்து மக்களை அழைத்துச் செல்வதும், அந்தப் படிக்கட்டின் கதவு பூட்டப்படாமலும் அட்டைப்பெட்டிகளால் மறைக்கப்படாமலும் தானாக மூடிக்கொள்ளும் நிலையிலும் இருப்பதும் தெளிப்பானுக்கு இணையான தேவைகள்.