முட்டையைப் புரட்டாதீர்கள், டார்ச் அடிக்காதீர்கள்

சென்னையில் கடலாமை முட்டைகளைத் தேடி இரவில் கடற்கரையோரம் நடப்பதை ஆமை நடை என்பார்கள். கிளம்பும் முன் சில விதிகள் சொல்வார்கள். டார்ச் அடிக்கக் கூடாது. ஆமையைக் கண்டால் கிட்டே ஓடக் கூடாது. முட்டையை எடுத்த வாக்கிலேயே வைக்க வேண்டும். முதல் தடவை நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடந்தபோது இவை வெறும் கண்டிப்பு என்றுதான் நினைத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஆமையின் உடம்பிலேயே காரணம் இருப்பது அப்புறம்தான் புரிந்தது.

இங்கே வருவது பங்குனி ஆமை. ஆலிவ் ரிட்லி என்பதும் இதைத்தான். பெயரில் பங்குனி இருந்தாலும் தை மாதமே கரையேறத் தொடங்கிவிடும். ஒடிசாவின் கஹிர்மாதா, ருசிகுல்யா கரைகளில் ஆயிரக்கணக்கில் சேர்ந்து ஏறும் இதே ஆமை, நம் கரையில் ஒன்றிரண்டாக வரும். அதனால் நடந்துதான் தேட வேண்டும். 1970களின் தொடக்கத்தில் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் இப்படி நடக்கத் தொடங்கினார்கள். 1988 முதல் மாணவர்கள் உருவாக்கிய கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு இதைத் தொடர்கிறது.

தேடுவது ஆமையை அல்ல, தடத்தை. ஈர மணலில் டயர் உருண்டதுபோல் ஒரு கோடு ஏறும், இன்னொன்று இறங்கும். இரண்டும் சேரும் இடத்தில் மணல் கலைந்திருக்கும். ஆனால் குழி எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. பின் துடுப்புகளால் ஒன்றரை அடி ஆழத்துக்கு, கழுத்து குறுகிய குடுவைபோல் தோண்டி, நூறு முட்டைகளுக்கு மேல் இட்டு, மணலைத் தள்ளி மூடி, உடம்பை இடமும் வலமும் சாய்த்துத் தட்டி இறுக்கிவிட்டுத்தான் தாய் கடலுக்குத் திரும்புகிறது. பழகியவர்கள் ஒரு குச்சியை மெல்ல ஊன்றிப் பார்ப்பார்கள். மற்ற இடங்களில் மணல் தடுக்கும். குழியின் மேல் மட்டும் குச்சி சட்டென்று இறங்கும். அதற்கு மேல் கையால்தான் தோண்ட வேண்டும்.

இங்கே நேரம் முக்கியம். கோழி தன் முட்டைகளை அடிக்கடி புரட்டிவிடும். அதனால் கருவுக்குக் கேடில்லை. ஏனென்றால் கோழி முட்டையின் மஞ்சள் கருவை இரண்டு பக்கமும் முறுக்கிய நாண் பிடித்திருக்கிறது. ஆமை முட்டையில் அந்த நாண் கிடையாது. இட்ட சில மணி நேரத்தில் வளரும் கரு மேல் பக்கத்துக்கு வந்து, ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் முட்டையைப் புரட்டினால் சவ்வு கிழிந்து கரு செத்துவிடும். காலையில் சாவகாசமாகப் போகாமல் தூக்கத்தை விட்டு இரவில் நடப்பது இதனால்தான்.

நாய்களிடமிருந்தும் திருட்டிலிருந்தும் காக்க, முட்டைகளைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். வேலியிட்ட மணல் திட்டுதான் அது. அங்கே தாய் தோண்டிய அதே ஆழத்தில், அதே வடிவில் குழி எடுக்க வேண்டும். ஆழம் மாறினால் வெப்பம் மாறும். வெப்பம் மாறினால் குஞ்சு ஆணா பெண்ணா என்பதே மாறும். கரு உண்டாகும்போதே பாலினத்தைத் தீர்மானிக்கும் குரோமோசோம் கடலாமைகளுக்கு இல்லை. பொரிய 45 முதல் 60 நாள் ஆகும். அதில் நடுப்பகுதியில் மணல் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதே முடிவு செய்கிறது. சுமார் 29, 30 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. அதற்கு மேல் போகப்போகப் பெண்கள் அதிகம், கீழே ஆண்கள் அதிகம். பூமி சூடேறுவதைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் குழிகள்தான் நினைவுக்கு வருகின்றன.

கரையில் எவ்வளவு காத்தாலும் கடலில் ஒரு பெரிய ஆபத்து காத்திருக்கிறது. ஆமை நுரையீரலால் மூச்சு விடும் பிராணி. இழுவலைக்குள் சிக்கி மேலே வர முடியாமல் போனால் மூழ்கியே சாகும். 2025 ஜனவரியில் சென்னைப் பகுதிக் கரைகளில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கிய ஆமைகளை மறக்க முடியவில்லை. வலையில் ஆமை வெளியேற ஒரு கம்பித் தடுப்பும் திறப்பும் வைக்கலாம். அந்தக் கருவி எல்லா இழுவலைகளிலும் இருந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, டார்ச் ஏன் கூடாது? வெளிச்சத்தைக் கண்டால் முட்டையிட வரும் தாய் பாதியிலேயே திரும்பிவிடும். குஞ்சுகளுக்கோ அதைவிடக் கேடு. மேல் மணல் குளிர்ந்த இரவில் அவை கூட்டமாக முண்டி வெளியே வந்ததும், அடிவானத்தில் தாழ்வாகத் தெரியும் வெளிச்சத்தை நோக்கி ஓடும். விளக்குகளே இல்லாத கரையில் அது கடல்தான். நிலாவும் நட்சத்திரங்களும் அலைமேல் பட்டு மினுங்கும், கரைப் பக்கம் செடியும் மேடும் இருட்டாக நிற்கும். நம் கரையிலோ மேற்கே சாலை விளக்கும் மாடி விளக்கும் கடலைவிடப் பிரகாசம். குஞ்சுகள் தெருவை நோக்கி நடக்கின்றன.

பொரிப்பகக் குஞ்சுகளை விட்டதை நான் பார்த்த அன்று, ஒருவர் முழங்கால் தண்ணீரில் இறங்கி, கரையைப் பார்த்து டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளங்கையில் அடங்கும் குஞ்சுகள் அந்த ஒற்றை ஒளியைப் பார்த்தே ஈர மணலில் தத்தித் தத்தி இறங்கின. முதல் அலை பலவற்றைப் புரட்டித் திரும்பக் கரையில் போட்டது. அடுத்த அலையில் நீந்தத் தொடங்கியபின் அவற்றுக்கு விளக்கு தேவைப்படவில்லை. அலை எந்தப் பக்கமிருந்து வருகிறதோ, அந்தப் பக்கமே தலையைத் திருப்பி, அலையை எதிர்த்து நீந்தின.