மடக்குக் கத்தியில் 'டக்' என்று கேட்பது எது?

மடக்குக் கத்தி வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் அலகைத்தான் பார்ப்பார்கள். கட்டை விரலைக் குறுக்கே வைத்துக் கூர் இருக்கிறதா என்று தடவுவார்கள். நான் திறந்து மூடிச் சத்தம் கேட்பேன். கடைக்காரர் முகம் சுளித்தாலும் நாலைந்து முறை கேட்பேன். அலகு மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம். மூட்டு தளர்ந்த கத்தியை வைத்துக்கொண்டு கூரியர் கவர் பிரிக்கலாம், அவ்வளவுதான்.

அந்த 'டக்' எங்கிருந்து வருகிறது? பிடியின் முதுகுப் பக்கம் நீளவாக்கில் ஓர் எஃகுப் பட்டை இருக்கும். அதுதான் ஸ்பிரிங். அதன் ஒரு முனையையும் நடுப்பகுதியையும் ஆணி அடித்து இறுக்கியிருப்பார்கள். மறுமுனை, பிடிக்குள் மறைந்திருக்கும் அலகின் அடிக்கட்டையை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். அடிக்கட்டை முழு வட்டமாக இருந்தால் அலகு எந்த இடத்திலும் உறுதியாக நிற்காது. அதனால் அதில் இரண்டு இடங்களைத் தட்டையாகத் தேய்த்துவிடுகிறார்கள். கத்தி திறந்திருக்கும்போது ஒரு தட்டைப் பகுதி ஸ்பிரிங்கின் மேல் படியும், மூடியிருக்கும்போது மற்றொன்று படியும். இரண்டுக்கும் நடுவே ஒரு மூலை.

அலகின் பக்கவாட்டுப் பள்ளத்தில் நகத்தைக் கொடுத்து இழுக்கிறோம். மூலை வந்து ஸ்பிரிங்கைத் தூக்குகிறது. தூக்குவது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுதான், ஆனால் விரல் கொடுத்த ஆற்றலில் பெரும்பகுதி அந்த வளைவில் போய்ச் சேர்கிறது. மூலை தாண்டியதும் ஸ்பிரிங் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். மீதித் தூரத்தை அலகு தானாகவே ஓடிப்போய் முட்டி நிற்கிறது. அந்த முட்டல்தான் நமக்குக் கேட்கும் 'டக்'. மூடும்போதும் இதே கதை. வீட்டுச் சுவர் சுவிட்சும் இப்படித்தான் வேலை செய்கிறது. மேலே நிற்கும், கீழே நிற்கும், நடுவில் நிற்காது. சில கத்திகளில் அடிக்கட்டையைச் சதுரமாக வெட்டியிருப்பார்கள். அவை பாதி வழியிலும் ஒருமுறை நின்று போகும். விரல் பயம் உள்ளவர்களுக்கு நல்ல ஏற்பாடு.

இந்த வகைக் கத்தியில் பூட்டு கிடையாது. பூட்டே இல்லாமல் எப்படி நம்பி வெட்டுகிறோம்? மாம்பழத்தை நறுக்கும்போது பழம் அலகை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பாருங்கள். கூர் இருக்கும் பக்கத்திலிருந்து தள்ளுகிறது. அதாவது அலகை இன்னும் திறக்கப் பார்க்கிறது. திறக்கும் திசையிலோ அடிக்கட்டை ஏற்கெனவே முட்டி நிற்கிறது, அதற்கு மேல் போக வழியில்லை. ஆக, எவ்வளவு அழுத்தி நறுக்குகிறோமோ அவ்வளவுக்குக் கத்தி விறைத்து நிற்கும். ஆபத்து வேறு திசையில் இருக்கிறது. முனையால் குத்தினால், இறுகிய கட்டைக்குள் சிக்கிய அலகை நெம்பி இழுத்தால், அலகின் முதுகால் எதையாவது தட்டினால், விசை மூடும் பக்கமாகத் திரும்பிவிடும். அப்போது அலகைத் தடுத்து நிறுத்த அந்தச் சின்ன ஸ்பிரிங் மட்டும்தான் உண்டு. விரல் நடுவில் இருக்கும். தேங்காய் மட்டைக்கும் டப்பா மூடிக்கும் மடக்குக் கத்தியை நீட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

இதற்காகத்தான் பூட்டுகள் வந்தன. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890இல் பிறந்த ஒப்பினெல் கத்திக்கு, 1955இல் கழுத்தில் சுழலும் ஒரு உலோக வளையத்தைச் சேர்த்தார்கள். திறந்த பின் அதைத் திருப்பினால் அலகு மடங்க இடமிருக்காது. இன்று பரவலாகக் கிடைக்கும் இன்னொரு வகை உண்டு. பிடியின் உள்தகட்டில் ஒரு பட்டையை வெட்டிச் சற்று உள்பக்கமாக வளைத்திருப்பார்கள். அலகு திறந்ததும் அது துள்ளி வந்து அடிக்கட்டைக்குப் பின்னால் நின்றுகொள்ளும். அவ்வளவு மெல்லிய தகடு எப்படித் தாங்கும் என்று தோன்றும். பக்கவாட்டில் எளிதாக வளைகிற பட்டை, நீளவாக்கில் அழுத்தினால் நன்றாகவே தாங்கும். சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்சனர் 1897இல் பதிவு செய்த ராணுவ அதிகாரிகளுக்கான கத்தியில் பூட்டு இல்லை. அதன் கெட்டிக்காரத்தனம் ஸ்பிரிங்கில் இருந்தது. ஆறு கருவிகள், அவற்றுக்கு இரண்டே ஸ்பிரிங்குகள்.

சரி, அலகுக்கு வருவோம். சேலத்துக்காரர்கள் எல்லோரும் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. கஞ்சமலை அடிவாரத்துச் சேலம் உருக்காலையில் 1981இலிருந்து எவர்சில்வர் தகடு உருட்டுகிறார்கள். வீட்டில் தட்டு, டம்ளர், குடம் எல்லாம் எவர்சில்வர்தான். அந்தத் தட்டை வெட்டித் தீட்டினால் கத்தி ஆகுமா?

ஆகாது. நாலு வெட்டு வெட்டும், ஐந்தாவதில் கூர் மடங்கிவிடும். நல்ல பாத்திர எஃகில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல், மிகக் கொஞ்சம் கார்பன். கத்தி எஃகில் குரோமியம் 13 சதவீதத்தை ஒட்டி இருக்கும், நிக்கலுக்குப் பெரிதாக வேலையில்லை, கார்பன் பாத்திர எஃகில் இருப்பதைப்போல் பல மடங்கு. வித்தியாசம் தெரிவது உலையில்தான். கத்தி எஃகைச் சுமார் 1,050 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் இரும்பு அணுக்கள் ஒரு விதமாக அடுக்கி நிற்கும். அந்த அடுக்கில் கார்பன் அணுக்கள் உட்கார இடம் உண்டு. சட்டென்று குளிரவைத்தால் இரும்பு வேறொரு அடுக்குக்கு மாறும். அங்கே கார்பனுக்கு இடம் போதாது, வெளியேற நேரமும் கிடைக்காது. மாட்டிக்கொண்ட கார்பன் அடுக்கையே கோணலாக்கி இறுக்கிவிடும். இந்த இறுக்கத்துக்குப் பெயர் மார்ட்டன்சைட். கத்தியின் கடினம் இதிலிருந்துதான் வருகிறது. பாத்திர எஃகிலோ நிக்கல் அந்தப் பழைய அடுக்கை அறை வெப்பத்திலும் அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். எத்தனை முறை காய்ச்சித் தண்ணீரில் முக்கினாலும் தட்டு தட்டாகவே இருக்கும்.

ஒரு காந்தம் இருந்தால் சோதித்துப் பார்க்கலாம். நல்ல எவர்சில்வர் தட்டில் ஒட்டாது, ஒட்டினாலும் லேசாகத்தான். கத்தியில் பச்சென்று ஒட்டும். ஆனால் காந்தம் ஒட்டுவதெல்லாம் கத்தி எஃகு என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு ரூபாய் நாணயத்திலும் காந்தம் ஒட்டும். அது நிக்கல் இல்லாத எவர்சில்வர், நாணயத்துக்கான வில்லைகளைச் சேலம் ஆலையும் வெட்டிக் கொடுத்திருக்கிறது. அதிலும் கார்பன் குறைவுதான், கூர் நிற்காது.

கடினம் மட்டும் இருந்தால் அலகு கண்ணாடி மாதிரி உடைந்துவிடும். அதனால் முக்கியெடுத்த பிறகு மறுபடி இருநூறு டிகிரியை ஒட்டி மெதுவாகச் சூடாக்கிக் கொஞ்சம் கடினத்தை விட்டுக்கொடுப்பார்கள். எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பது அந்தப் பாகத்தின் வேலையைப் பொறுத்தது. எல்சனர் தொடங்கிய விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் கத்தியில் அலகின் கடினம், உலோகக் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 56, ஸ்பிரிங்குக்கு 49. வெட்டுகிறவன் விறைப்பாக இருக்கலாம், வளைந்து கொடுக்கிறவன் இருக்க முடியாது. கையளவு கத்தியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்கின்றன.

இந்த மண்ணுக்குக் கார்பன் எஃகு புதிதில்லை. நொய்யல் கரைக் கொடுமணலில் பழங்கால இரும்பு உலைகளின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிய உட்ஸ் எஃகை 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் லண்டனில் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே ஆராய்ந்தார். அவருடைய கூட்டாளி ஜேம்ஸ் ஸ்டோடார்ட் ஒரு கத்தி வியாபாரி என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

இனி கூர். நன்றாகத் தீட்டிய கத்தியின் விளிம்பு ஒரு மைக்ரோமீட்டருக்கும் மெல்லியது. தலைமுடி அதைவிட ஐம்பது மடங்காவது தடிமன். கொடுக்கிற விசை அத்தனை குறுகிய இடத்தில் விழுவதால் அழுத்தம் ஏறி, மல்கோவாத் தோல் பிளக்கிறது. அழுத்துவதோடு இழுக்கவும் செய்தால் இன்னும் குறைந்த விசையே போதும். தக்காளியை நேராக அழுத்தினால் நசுங்கும், இழுத்தால் வெட்டுப்படும், இது சமையலறையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

சேலம் பக்கத்து நர்சரிகளில் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுகிறவர்கள் வைத்திருக்கும் மடக்குக் கத்தியை வாங்கிப் பாருங்கள். அலகை ஒரு பக்கம் மட்டும் சரித்திருப்பார்கள், மறுபக்கம் பலகை போலத் தட்டை. இரண்டு பக்கமும் சரிந்த கூர் குச்சிக்குள் போகும்போது திசை மாறி வெட்டு குழிந்துவிடும். தட்டைப் பக்கம் குச்சியின் மேல் படிந்து ஓடினால் வெட்டு நேராக விழும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கும் கேம்பியம் என்ற மெல்லிய வளர்படலம், தாய்ச்செடியிலும் ஒட்டுக்குச்சியிலும் ஒன்றோடொன்று தொட்டால்தான் ஒட்டுப் பிடிக்கும். வெட்டு குழிந்தால் நடுவில் இடைவெளி விழும், குச்சி காய்ந்துபோகும்.

நமக்கு இரண்டு பக்கமும் இருபது டிகிரி சரிவு போதும். செங்கோணத்தில் பாதி, அதிலும் பாதி என்று கண்ணால் மட்டாக வைத்தால் ஏறத்தாழ வந்துவிடும். தீட்டும் கல் பெரும்பாலும் அலுமினிய ஆக்சைடு. சேர்வராயன் மலையில் தோண்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு லாரியில் இறக்கிய பாக்சைட்டிலிருந்து பிரித்தெடுத்ததும் அதே சேர்மம்தான். தண்ணீர் விட்டுத் தேயுங்கள். தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் உலர்வாகப் பிடித்தால் பொறி பறக்கும், பார்க்க அழகுதான், ஆனால் மெல்லிய விளிம்பு சூடேறிவிடும். எஃகில் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தின் கடினம் போயிற்று என்று அர்த்தம்.

எவர்சில்வர் கத்தி ஏன் துருப்பிடிக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. எவர்சில்வரைக் காப்பது மேலே படியும் சில நானோமீட்டர் குரோமியம் ஆக்சைடுப் படலம். கத்தியில் குரோமியத்தின் ஒரு பகுதி கார்பனோடு சேர்ந்து கார்பைடாகிவிடுவதால் படலத்துக்குக் கிடைப்பது குறைவு. சட்டைப்பை வியர்வையின் உப்பும் ஏற்காட்டு மூடுபனியும் சேர்ந்தால் புள்ளி புள்ளியாகத் துரு விழும். குரோமியமே சேர்க்காத வெறும் கார்பன் கத்தி மாங்காயைத் தொட்டாலே கறுத்துப்போகும்.

சட்டத்தைப் பற்றி ஒரு வரி. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள், வீட்டு, விவசாய வேலைக்கானவை தவிர, ஆயுத விதிகளுக்குள் வரும். பைக்குள் போகிற கத்திகள் அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் காமலாபுரத்துச் சேலம் விமான நிலையத்தில் விமானம் ஏறும்போது கையோடு கொண்டுபோக விடமாட்டார்கள், லக்கேஜில் போட்டுவிட வேண்டும்.

கழுவினால் உடனே துடைத்து, திறந்தபடியே காயவிட்டு, மூட்டில் எண்ணெய் விடவேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். 25 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கிவிடும், மார்கழியில் ஏற்காட்டில் அலகு நகரவே மறுக்கும். நல்லெண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துப் பிசினாகிவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் இரண்டு குறையும் இல்லாதது, பழம் நறுக்குகிற கத்திக்கும் பரவாயில்லை. ஒரு சொட்டுக்கு மேல் விடாதீர்கள், பையில் இருக்கும் பஞ்சும் தூசும் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும்.